முழங்கால் வலியும் ஒற்றடமும்



பேச்சில் நாம் 'ஒத்தடம்' என்று சொல்வதை ஏட்டில் 'ஒற்றடம்' என்று எழுதுவர். ஒற்றுதலாவது மெல்ல அழுத்தி எடுத்தல். தீபத்தை வணங்கிக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அழும் குழந்தையின் கண்ணீரைத் தாய் முந்தானையால் ஒற்றி எடுக்கிறாள். வைத்த கையை உடனே எடுத்துவிடுவதே இச்சொல்லின் உயிர். பல்லாண்டு காலம் சொற்பொருள் கற்பித்த பழக்கத்தால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். இதில் இலக்கணத்தைக் காட்டிலும் மருத்துவமே மிகுதி என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு எனது ஊர். தக்காளிக்குப் பெயர்பெற்ற வட்டாரம். குனிந்து பறிப்பதும், குந்தியிருந்து களை எடுப்பதும், கூடை சுமந்து வரப்பில் நடப்பதுமாக வாழ்ந்த மூதாட்டியர், பொழுது சாய்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்வதை நாள்தோறும் காண்கிறேன். அவர்களுக்கு ஒற்றடம் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளி விட்டு வரும் பேரன் பேத்தியரைச் சேர்கிறது. ஆகவேதான் இதனை உங்களிடம் பேசத் துணிந்தேன்.

சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்துள்ளது. கட்டு, பற்று, பூச்சு, வேது, தொக்கணம் முதலியவற்றோடு ஒற்றடமும் அவற்றுள் ஒன்று. எங்கள் பக்கத்து வீடுகளில் இதற்கெனக் கடைக்குச் செல்வோர் அரியர். கல்லுப்பு, ஆற்று மணல், தவிடு, கொள்ளு இவற்றுள் ஒன்றை இரும்புச் சட்டியில் வறுத்துப் பழந்துணியில் கிழியாகக் கட்டுவர். வேலியோரத்து நொச்சி இலையையோ ஆமணக்கிலையையோ விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதும் உண்டு. இலைச் சாற்றின் குணத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். வெப்பத்தின் குணத்தில் கருத்து வேற்றுமை இல்லை.

கிழிகள் இரண்டு வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. உப்பின் தன்வெப்ப ஏற்புத்திறனும் மணலின் தன்வெப்ப ஏற்புத்திறனும் நீரினதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. ஆகவே அவை விரைவில் சூடேறி, விரைவில் ஆறுகின்றன. ஒன்று முழங்காலில் இருக்கையில் மற்றொன்று சட்டியில் இருக்க வேண்டும். வெந்நீர்ப் பை நெடுநேரம் சூடு தாங்குவதும் இதே கணக்கினால்தான்.

இனி, வலி ஏன் குறைகிறது? முதுமையில் வரும் மூட்டுத் தேய்வில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிகிறது. அக்குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. வலிப்பவை அதனைச் சூழ்ந்த சவ்வும், அடியிலுள்ள எலும்பும், இறுகிப்போன தசைநார்களுமே. வெளியிலிருந்து தரும் சூடு தோலுக்குக் கீழே சிறிதளவே இறங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் பெருகுகிறது; தசையின் இறுக்கம் தளர்கிறது. தொடுகையும் சூடும் நரம்பு வழியே செல்கையில், வலிச் செய்தி தண்டுவடத்திலேயே ஓரளவு தடைபடுகிறது. இதனை ஒரு வாயிற்கதவுக்கு ஒப்பிட்டு ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் 1965-இல் விளக்கினர். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையும் முழங்கால் தேய்வுக்கு வெப்பச் சிகிச்சையைச் சில வரையறைகளோடு ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஒற்றடமும் வளர்த்துத் தராது. அது தருவது ஓரிரு நாழிகை ஆறுதல். அந்த ஆறுதலை என்ன செய்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது. சூட்டில் கால் இளகியிருக்கும்போது நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டிச் சற்று நிறுத்தி, மெல்ல மடக்கும் பயிற்சியைச் செய்தால் தொடைத் தசை வலுப்பெறும். மூட்டின் மேல் விழும் சுமையில் ஒரு பகுதியை அத்தசை தாங்கும். ஒற்றடம் முடிந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிற எங்கள் ஊர் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

"இன்னும் கொஞ்சம் சூடா வையி, கண்ணு" என்று பாட்டி கேட்பார். அங்கேதான் உங்கள் அறிவு வேலை செய்ய வேண்டும். மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு, நரம்பில் சூட்டை உணரும் வாயிலை 1997-இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற இருவருள் அவர் ஒருவர். அந்த வாயில் ஏறத்தாழ 43 பாகை செல்சியசில் திறந்து, 'சுடுகிறது' என்று எச்சரிக்கிறது. நீரிழிவினால் நரம்பு மரத்தவர்க்கு இந்த எச்சரிக்கை சரியாகச் சென்று சேர்வதில்லை. தோல் வெந்த பின்னரும் அவர் இன்னும் சூடு கேட்பார்! ஆகவே சூட்டை உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள்; அவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டா. வலி நீக்கும் தைலம் தடவிய இடத்தில் சூடு வைக்கலாகாது. வைத்த கிழியை அப்படியே விட்டுவிடாமல், அழுத்தி எடுத்து அழுத்தி எடுத்துக் கொடுங்கள். சொல்லிலேயே முறை இருக்கிறது என்று தொடக்கத்தில் நான் குறிப்பிட்டது இதனைத்தான். திடீரெனச் சிவந்து வீங்கி, தொட்டாலே கொதிக்கும் மூட்டுக்கு ஒற்றடம் கூடவே கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய மற்றொரு செய்தி உண்டு. இங்கு மூட்டுவலி எல்லாமே முதுமையால் வருவதன்று. கடும்பாறைகளினூடே ஊறிவரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. மிகுந்த அளவு பல்லாண்டு உடலில் சேர்ந்தால் எலும்பு தடித்துவிடுகிறது. தசைநார்களில் சுண்ணாம்பு படிகிறது. கழுத்தும் முதுகும் முழங்காலும் விறைக்கின்றன. 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். வகுப்பில் பழுப்புக் கோடு படிந்த பற்களோடு சிரித்த பிள்ளைகளை நான் நிறையக் கண்டதுண்டு. பல் உருவாகும் சிறுவயதில் அந்நீரைக் குடித்ததன் அடையாளம் அது.

வீட்டுப் பெரியவர்க்கு முழங்காலோடு கழுத்தும் முதுகும் விறைத்து, பல்லிலும் அந்தக் கறை இருக்குமானால், ஒற்றடத்தோடு நின்றுவிடாமல் அரசு மருத்துவமனையில் இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். முன்கை எலும்புகள் இரண்டுக்கும் இடையேயுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பதை எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுக்கும். முழங்கால் நோய்க்கு முன்கையைப் படம் எடுப்பதா என்று பாட்டி வியப்பார், நீங்கள் விளக்கலாம்.

இத்தீங்கைத் தணிக்கவென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்து, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. ஆயினும் குழாய் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று எண்ணுவோர் உளர். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு ஆவியாகிப் போகாது. நீர் சுண்டச் சுண்ட, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். காவிரி நீரைக் குடத்தில் பிடித்துவைத்துக் குடிக்கவும் சோறு சமைக்கவும் வைத்துக்கொண்டு, கிணற்று நீரைத் துணி துவைக்கவும் மாடு கழுவவும் பயன்படுத்தும் வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அந்தக் குடங்களை நிரப்புவதும் பெரும்பாலும் ஒற்றடம் கொடுக்கும் அதே பிள்ளைகள்தான்.