கண்டிஷனரா, மாய்ஸ்சரைசரா? புட்டியின் பின்பக்கத்தைப் படிப்போம்

(சமூக மன்றம் ஒன்றில் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவரோ தாதியோ இல்லை. சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. தலைமுடியைப் பற்றிப் பேச இவரை ஏன் அழைத்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் சொற்களால் வருகிறது. அதனால்தான் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

'கண்டிஷனர்' என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது 'முடியைப் பதப்படுத்தும் திரவம்' என்று எழுதத் தோன்றும். 'மாய்ஸ்சரைசர்' என்றால் 'ஈரப்பதமூட்டி'. இரண்டிலும் 'பதம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. கடையிலும் இரண்டும் ஒரே அடுக்கில், ஒரே வடிவப் புட்டிகளில் இருக்கின்றன. ஆகவே இன்று கடையில் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

வெளியே நீங்கள் பார்க்கும் முடிக்கு உயிர் இல்லை. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேரில் இருக்கிறது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். உங்கள் முடி 30 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளிப்பவர் அந்த நுனியை நானூறு முறைக்கு மேல் கழுவியிருப்பார். அது கிழிந்தால் தோலைப்போல் தானாக ஆறாது. 'சேதத்தைச் சரிசெய்யும்' என்று எந்தப் புட்டி சொன்னாலும், அது செய்யக்கூடியது மேலே பூசி மறைப்பதும், மேலும் தேயாமல் காப்பதும்தான்.

முடியின் வெளிப்புறம் ஓட்டுக்கூரையைப்போல, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்களால் ஆனது. அதற்கும் மேலே இயற்கையாக ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கும். சாயம் பூசுதல், நிறம் வெளுக்க வைத்தல், ரசாயனத்தால் நேராக்குதல் ஆகியவை அந்தப் படலத்தை நீக்கிவிடுகின்றன. செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. ஒரு முடி இன்னொன்றோடு உரசிச் சிக்கிக்கொள்கிறது. சீப்பை இழுத்தால் அறுகிறது.

கண்டிஷனரின் வேலை இங்கேதான். கழுவிய முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும். சேதமான இடங்களில் அது இன்னும் அதிகம். கண்டிஷனரில் நேர்மின்னேற்றம் கொண்ட பொருள்கள் இருக்கின்றன. காந்தம் இழுப்பதுபோல அவை முடியில், அதிலும் சேதமான இடங்களில், ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் அலசினாலும் ஒரு மெல்லிய படலம் தங்கிவிடும். அதனால்தான் அலசிய பிறகும் முடி வழுவழுப்பாக இருக்கிறது. உரசல் குறைகிறது, சிக்கு குறைகிறது, சீப்பில் வரும் அறுந்த முடியும் குறைகிறது. ஓரிரு நிமிடம் போதும். அரை மணி நேரம் ஊறவைத்தால் பலன் பல மடங்காகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மாய்ஸ்சரைசர் என்ற பெயருக்கு இப்படித் திட்டமான ஒரு பொருள் கிடையாது. பெரும்பாலும் அது குளித்தபின் தலையிலேயே விட்டுவிடும் பாலேடு அல்லது தெளிப்பான். அதில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும். கிளிசரின் போன்றவை காற்றிலிருந்து நீரை இழுப்பவை. எண்ணெய், ஷியா வெண்ணெய், சிலிக்கோன் போன்றவை மேலே மூடி, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளி ஈரம் சட்டென்று உள்ளே புகாமலும் தடுப்பவை.

தோலுக்குப் பூசும் பாலேட்டை நினைத்து முடியையும் அப்படியே கருதுவது இங்கே பலருக்கு வழக்கம். வறண்ட தோலுக்கு நீர் தேவை. முடியில் 'வறட்சி' என்று நாம் சொல்வது பெரும்பாலும் சொரசொரப்பைத்தான். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். முடிக்கு நீர் பஞ்சமே இல்லை. அதிக நீரை உறிஞ்சிய முடி உப்புகிறது, சுருள்கிறது, பறக்கிறது. காலையில் வீட்டில் படிந்திருந்த முடி பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் எழுந்து நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் கிளிசரின் அதிகமுள்ள தெளிப்பானை அடித்தால், சிலருக்கு நிலைமை இன்னும் மோசமாகலாம். உங்களுக்கு வேண்டியது ஈரத்தைச் சேர்ப்பதா, ஈரத்தைத் தடுப்பதா என்று முதலில் பாருங்கள்.

ஆகவே முடி சொரசொரப்பாக இருக்கிறது என்றால், முதலில் ஒவ்வொரு முறை ஷாம்பூ போட்ட பிறகும் கண்டிஷனர் போட்டுப் பாருங்கள். முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவுங்கள், வேர்ப்பகுதிக்கு வேண்டாம். குட்டையான, நேரான முடி உள்ள பெரும்பாலான ஆண்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. சுருள்முடி, அடர்ந்த தடித்த முடி, சாயம் பூசிய அல்லது நேராக்கிய முடி, இடுப்புவரை நீண்ட முடி உள்ளவர்களுக்கு, தலையிலேயே விடும் பாலேடு ஒரு சிறு அளவு உதவும். நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். சுருள்முடிக்காரர்கள் கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுப்பது நல்லது. நேரான முடி உள்ளவர்கள் சற்று உலரவிட்டுச் சீவலாம். ஈரமான முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடும்.

இப்போது புட்டியைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் உள்ள பெயர் விற்பனைக்கு. பின்பக்கத்தில் 'அலசவும்' என்று இருக்கிறதா, 'அலச வேண்டாம்' என்று இருக்கிறதா என்பதே உங்களுக்குத் தேவையான தகவல். அலச வேண்டிய கண்டிஷனரைக் கொஞ்சமாகத் தடவி அப்படியே விட்டுவிட்டால் மாய்ஸ்சரைசர் வாங்கும் காசு மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கழுவிவிடும் பொருள்களில் மட்டும் அனுமதிக்கப்படும் சில பதனப் பொருள்கள் இருக்கின்றன. அவை நாள் முழுவதும் தோலில் தங்கினால் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. கழுத்திலும் காதோரத்திலும் நெற்றி விளிம்பிலும் அரிப்போடு தடிப்பு வந்தால், முகக் களிம்பைச் சந்தேகிக்கும் முன் தலைக்குப் போடுவதையும் சந்தேகியுங்கள்.

சேர்பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். அதிகமாக உள்ளது முதலில் வரும். 1 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை எந்த வரிசையிலும் போடலாம். எனவே முன்பக்கத்தில் பெரிய படமாக இருக்கும் ஆர்கன் எண்ணெய், பின்பக்கத்தில் வாசனைப் பொருளுக்குப் பிறகு கடைசியில் இருந்தால், அதற்காகக் கூடுதலாகப் பத்து வெள்ளி கொடுப்பதா என்று யோசியுங்கள். பெயரில் 'டிரிமோனியம்' என்ற ஒலி வந்தால், அது முடியில் ஒட்டிக்கொள்ளும் கண்டிஷனர்ப் பொருள். 'செட்டில் ஆல்கஹால்', 'செட்டீரில் ஆல்கஹால்' என்ற பெயர்களைப் பார்த்துச் சிலர் புட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். மொழிபெயர்க்கும்போது எனக்கும் தயக்கம் தந்த பெயர்கள் இவை. இவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். மதுவில் இருக்கும் எத்தனால் வேறு. இவை முடியை உலர்த்துவதில்லை, மிருதுவாக்குகின்றன.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேட்காமல் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. 2003ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. முடியின் உள்ளே புகக்கூடியது. அந்த ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு முடியின் நீளத்தில் தடவிப் பிறகு ஷாம்பூ போடுவது நல்ல பழக்கம். ஆனால் எண்ணெய் ஈரம் தருவதில்லை. ஈரத்தின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் பாட்டியோடு நான் உடன்படமாட்டேன். பொடுகு இருக்கிறதா, இன்னும் எண்ணெய் வை என்பார்கள். தலைத்தோல் வறண்டுபோய்ப் பொடுகு வருகிறது என்ற எண்ணம் அது. எல்லார் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை வாழ்கிறது. அது கொழுப்பை உண்டு வளர்கிறது. மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதில், அரிப்பு, புருவத்திலும் மூக்கோரத்திலும் செம்மை இருந்தால், எண்ணெயும் மாய்ஸ்சரைசரும் அதற்குத் தீனி போடுவதுபோல் ஆகலாம். அதற்குக் கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு உள்ள மருந்து ஷாம்பூவை மருந்தாளரிடம் கேளுங்கள். நுரைத்த பிறகு சில நிமிடம் விட்டு அலசுங்கள். கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். முடி அறுவதும் முடி உதிர்வதும் வேறு வேறு. தரையில் கிடக்கும் முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் அறுந்தவை. அறுவதற்குக் கண்டிஷனர் உதவும். வேரோடு உதிர்வதற்குக் கண்டிஷனரும் உதவாது, மாய்ஸ்சரைசரும் உதவாது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கி போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகோ, பிரசவத்திற்குப் பிறகோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். அது பெரும்பாலும் தானாகவே நிற்கும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். அவற்றைப் புட்டியால் தீர்க்க முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. தினமும் இறுக்கிப் பின்னும் சடை, கனமான சவுரி வைத்த நாட்டியக் கொண்டை, இழுத்துக் கட்டிய குதிரைவால் இவற்றால் நெற்றி விளிம்பிலும் காதோரத்திலும் முடி மெலியும். ஆரம்பத்தில் கட்டைத் தளர்த்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் வேர் நிரந்தரமாக அழிந்துபோகும். தலைவலிக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரத் தலையைக் கொண்டை போடாதீர்கள்.

'முடி மீண்டும் வளரும்' என்று சொல்லும் எண்ணெயை யாராவது விற்றால், அழகுப் பொருளுக்கு அப்படிச் சொல்ல இங்கே அனுமதி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அழகுப் பொருளை விற்கும் நிறுவனம் சுகாதார அறிவியல் ஆணையத்திற்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவித்தது என்றால் ஆணையம் சோதித்துச் சான்று தந்தது என்று அர்த்தமில்லை. பாதுகாப்புக்கு நிறுவனமே பொறுப்பு.

வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலைத்தோலில் வலி, சீழ், தழும்பு இருந்தால், பிள்ளையின் தலையில் செதிலோடு முடி முறிந்திருந்தால், உதிர்வது ஆறு மாதமாகியும் நிற்காவிட்டால், பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து தேசியத் தோல் நிலையத்திற்குப் பரிந்துரைப்பார்கள். அந்தப் பரிந்துரை இருந்தால் கட்டணத்தில் மானியமும் கிடைக்கும்.

போகும் நாளில் எண்ணெய் வைக்காதீர்கள். மருத்துவர் தலைத்தோலைப் பார்க்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் புட்டிகளின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, மூலிகை எண்ணெய் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். 'ஹேர் ட்ரை' என்று மட்டும் சொல்லாதீர்கள். உதிர்கிறதா, அறுகிறதா, அரிக்கிறதா, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால், தமிழ் பேசும் ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று பதிவு முகப்பில் தயங்காமல் கேளுங்கள்.