தண்ணி குடிக்கிற ஊரும் மாடு மேய்க்கிற ஊரும்

கடமலைக்குண்டிலிருந்தும் மயிலாடும்பாறையிலிருந்தும் தும்மக்குண்டிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே!

‘நகரமும் கிராமமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றமாக இருந்தால் சௌகரியம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் பேசுவோம். நடுவர் கடைசியில் கிராமம்தான் உசத்தி என்று தீர்ப்புச் சொல்வார். கைதட்டிவிட்டு எல்லோரும் கடைசி பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குப் போவோம். எனக்கு அந்தத் தீர்ப்பில் நம்பிக்கை இல்லை. நான் தண்ணீரைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசப் போகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அவர் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறக்கிறார்கள். லட்சக்கணக்கான ஜனம் தண்ணீரில் கால் வைத்து நிற்கிறது. நானும் நின்றிருக்கிறேன், கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அதே சித்திரையில் மூல வைகையை வந்து பாருங்கள். இங்கே நமக்குப் பின்னால், நடந்தால் தொட்டுவிடுகிற தூரத்தில் கிடக்கிறது. பெயருக்கு ஆறு, உள்ளே வெறும் மணல். வைகை பிறக்கிற ஊரில் குடிதண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடம் வரிசையில் நிற்கிறது. 1959-ல் கட்டிய வைகை அணையில் 71 அடி தண்ணீர் தேக்கலாம். அதில் பெரும்பங்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். நம் வருசநாட்டு மலையிலிருந்து போக வேண்டிய பங்கு ஏன் சுருங்கியது என்று மதுரைக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அவர் சொல்லும் பதிலும் உண்டு: ‘வருசநாட்டுக்காரன் காட்டை அழித்துவிட்டான்.’

கோபப்படாமல் கேளுங்கள். அதில் உண்மை இருக்கிறது. காட்டைத் திருத்திக் கொட்டைமுந்திரியும் இலவும் வைத்தது நம் தாத்தாமார்தான். பஞ்சத்துக்குப் பிழைக்க ஏறியவர்கள் பாதி. மீதியில், கீழே உட்கார்ந்துகொண்டு கூலிக்காரர் பெயரில் ஏக்கர் ஏக்கராக வளைத்த பணக்காரர்களும் உண்டு. காலி செய்யச் சொல்லி வனத்துறை ஜீப் வரும்போது இரண்டு ஏக்கர்க்காரர்தான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு முன்னால் நிற்கிறார். இருநூறு ஏக்கர்க்காரர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார்.

மதுரை நண்பர்களே, நீங்கள் தலை வைத்துப் படுக்கிற இலவம்பஞ்சுத் தலையணை எங்கிருந்து வருகிறது தெரியுமா? பங்குனி, சித்திரையில் நெற்று முற்றும். அதை உடைத்து, கொட்டையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போடும் பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்பார்கள். அப்படியும் கண்ணிமையில், புருவத்தில், காதுமடலில் பஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்கும். சாயந்தரம் பார்த்தால் முப்பது வயதுப் பெண் நரைத்த கிழவி போல இருப்பாள். இருமல் மட்டும் குளித்தாலும் போகாது. அந்த மரத்தை நட்டவர் ஆக்கிரமிப்பாளர், அந்தத் தலையணையில் தூங்குகிறவர் இயற்கை ஆர்வலர். இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் புரியவில்லை.

2021 பிப்ரவரியில் நம் மலை திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-வது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். வைகையின் நீர்ப்பிடிப்புக்கு இதனால் காவல் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கட்டும். புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் ஆறு இருக்கும் என்பதை நம் பிள்ளைகளே பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறார்கள். ஆனால் மலைக்கிராமத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், ‘எங்களை யாரு கேட்டா?’ என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

அடுத்த வருடம், 2022 மார்ச்சில், மாட்டுக்கு வந்தது வினை. மேகமலைக் காட்டில் மாட்டுக் கிடை போட அனுமதி கொடுப்பது பற்றிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாட்டுக் காடு எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று முதலில் உத்தரவு வந்தது. இரண்டே வாரத்தில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் தடை என்றார்கள். மற்ற மாவட்டத்துக்காரர் மூச்சு விட்டார். நமக்கு என்ன ஆறுதல்? நம் மலைதான் காப்பகம் ஆகிவிட்டதே.

மலைமாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பால் மாடு இல்லை. கறந்தால் கன்றுக்கே பத்தாது. கயிறு, கவணை, புண்ணாக்கு எதுவும் கிடையாது. காட்டில் மேய்ந்து, கிடையில் படுத்து, சாணி போடும். அந்தச் சாணிதான் வருமானம். காய்ந்த எருவை மூட்டை கட்டிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு லாரியில் ஏற்றுவார்கள். உங்கள் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய்க்குள் எங்கள் மாடு இருக்கிறது. அந்த மாட்டைத் தொழுவத்தில் கட்டி வளர்க்கலாமே என்று கேட்கிறார்கள். நூறு உருப்படிக்கு வைக்கோல் வாங்கிப் போட்டால் மாட்டுக்காரர் மாட்டை விற்பதற்கு முன்னால் வீட்டை விற்க வேண்டும். அதிகம் மேய்ந்தால் காட்டில் நாற்று முளைக்காது, மாட்டு நோய் காட்டெருமைக்கும் மானுக்கும் ஒட்டும் என்று வனத்துறை சொல்வதை நான் தள்ளவில்லை. எத்தனை மாடு, எந்த மாதம், எந்தச் சரிவு என்று பேசி முடிவு செய்யலாம் என்கிறேன். அப்படிப் பேச ஓர் இடம் வேண்டும் அல்லவா?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். அங்கே 1940-களிலேயே ஓநாயைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 2020 நவம்பரில் அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மக்களிடமே ஓட்டு எடுத்தார்கள். டென்வர், போல்டர் போன்ற நகரங்கள் ‘வரட்டும்’ என்றன. மாடு மேய்க்கிற மேற்குச் சரிவு மாவட்டங்களில் பெரும்பாலானவை ‘வேண்டாம்’ என்றன. நூலிழையில் நகரம் ஜெயித்தது. 2023 டிசம்பரில் ஓநாயைக் கொண்டுபோய் விட்டார்கள். எங்கே? ‘வேண்டாம்’ என்ற பக்கத்தில்! அடுத்த வருடமே கன்றுகள் அடிபட்டன. ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரைக்கும் நஷ்டஈடு உண்டு. அப்படியும் அங்குள்ள பண்ணைக்காரர் சொல்வது, நம் கிடைக்காரர் சொல்கிற அதே பேச்சுத்தான்: ஓட்டு அவன் போட்டான், ராத்திரி முழித்திருப்பது நான். அது போன்ற கசப்பு அங்கே தேர்தலுக்குத் தேர்தல் முற்றி, நகரத்துக்கு ஒரு கட்சி, நாட்டுப்புறத்துக்கு ஒரு கட்சி என்று தேசமே பிளந்து நிற்கிறது. அவர்களாவது ஓட்டு எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துப் பெருமையையும் கொஞ்சம் அடக்கி வாசிப்போம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை வைத்து வெளுத்து வாங்கினார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கிற இடம் அது என்பது அவர் கருத்து. இன்றைக்கும் நம் தெருவில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கிறது. அதற்குத் தப்பித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிய பையன்களுக்கு நகரம்தான் முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவர்களிடம் போய் மண்வாசனை பேச எனக்கு வாய் வராது.

மறுபடியும் தண்ணீருக்கு வருவோம். பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது? லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குழாயில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடிநீராகக் கொண்டுபோக 1,200 கோடி ரூபாய்க்கு மேல் ஒரு திட்டம். 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். ‘ஆற்றிலேயே விடுங்கள், வைகை அணையில் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். ஆற்றில் விட்டால் வழியில் திருடுவார்கள், சாக்கடை கலக்கும் என்றது மதுரைப் பக்கம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே பாயில் உட்கார்ந்து பேசவும் இல்லை.

அதற்காக இரண்டு பக்கமும் பகையாளி என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மார்ச் 11-ல் நம் மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீ. மலையேற வந்த வெளியூர்ப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்கு இருட்டில் மலையேறிப் பிள்ளைகளைத் துணியில் கட்டித் தூக்கி வந்தவர்களில் அந்த ஊர் ஜனங்களும் உண்டு. எந்த ஊர்ப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேசுவதற்கு இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே சொல்கிறது. பழங்குடிக்கு மட்டும் இல்லை, மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாகக் காட்டை நம்பிப் பிழைக்கிற மற்றவர்களுக்கும்தான். ரோடு, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் ஒதுக்கவும் அதில் வழி உண்டு. இரண்டுக்குமே கிராமசபை வாய் திறக்க வேண்டும். நம் கிராமசபை வாய் திறக்கிறதா? தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், படிக்காமல் கையெழுத்துப் போடுவோம். இந்தத் தப்பை ரேஞ்சர் மேல் போட முடியாது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். மார்ச் 22 தண்ணீர் தினம், அன்றைக்கு இங்கே கிராமசபை உண்டு. மதுரை நண்பர்களே, நீங்கள் வாருங்கள். தீர்மானத்தில் உங்களுக்குக் கை தூக்க உரிமை கிடையாது. உட்கார்ந்து கேட்கலாம், தலைவர் அனுமதித்தால் உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று சொல்லலாம். அது எங்கள் ஆட்களுக்கும் தெரிய வேண்டியதுதான். அதேபோல உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது இங்கிருந்து இரண்டு கிடைக்காரர்களையும், இலவங்காய் உடைக்கிற ஒரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். மைக் கொடுங்கள். அந்த அம்மா சத்தமாகத்தான் பேசுவார், மைக்கே தேவைப்படாது. மார்ச் மாதச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, பகுதி சபைக்கு வரும் வேன் வாடகை உங்கள் பொறுப்பு. சம்மதம் என்றால் கூட்டம் முடிந்ததும் செயலாளர் தம்பியிடம் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.