சாவியும் சத்தமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே மின்சாதனப் பெட்டிகளோடு வரும் கைநூலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் எங்கள் குடும்பம் முழுவதும் வட்டமாக உட்கார்ந்து, ஒரு சொல்லின் பொருளுக்காகச் சண்டை பிடித்து, கண்ணீரும் விட்டு வாசித்த நூல் எது என்று கேட்டால், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் கைநூலைத்தான் நான் சொல்ல வேண்டும்.

இலங்கை ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது 1986 இல். தங்கை சவூதியிலே இரண்டு வருடம் வீட்டு வேலை செய்து, திரும்பி வரும்போது கொண்டுவந்த பெட்டி அது. அட்டைப்பெட்டியைச் சுற்றியிருந்த நைலோன் கயிற்றை அறுக்கவும் அம்மா விடவில்லை; முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி எடுத்து வைத்தார்.

முதல் வில்லங்கம் அன்டெனா. மகாவலி ஓரத்துப் பள்ளத்திலே வீடு. எந்தத் திசையில் பார்த்தாலும் மலை. தொலைக்காட்சி அலை நேர்கோட்டிலே வர விரும்புவது. மலையிலே மோதித் திரும்பி வருகிற அலை 300 மீற்றர் கூடுதலாகப் பயணம் செய்தால், ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. அந்தச் சிறு தாமதம் போதும், 20 அங்குலத் திரையிலே ஒவ்வொரு உருவத்துக்கும் அரை விரலளவு தள்ளி ஒரு ஆவி முளைத்துவிடும். கூரையிலே மூங்கிலைப் பிடித்துத் திருப்பியவன் நான். வாசலிலே அப்பா, உள்ளே தம்பி. "இப்ப சரியா?" என்று நான் கத்த, அப்பா அதை உள்ளே கத்த, தம்பியின் பதில் அப்பா வழியாக எனக்கு வந்து சேரும்போது நான் வேறு திசைக்குத் திருப்பியிருப்பேன். இருட்டும் நேரத்தில் ஆவிகள் ஒருவாறு அடங்கின.

படம் தெளிந்தது. பேச்சு வரவில்லை. வாயசைக்கிறார்கள், அடைமழை பெய்கிற இரைச்சல் மட்டும் கேட்கிறது.

அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார். "ரெண்டு வருசம் பாடுபட்டு ஒரு ஊமைய வாங்கிட்டு வந்திருக்கியே, மகள்." தங்கை எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். சவூதியிலே அவள் பட்ட எதையும் எங்களிடம் சொல்லி அழுதவள் அல்லள். அன்று அழுதாள்.

கைநூலை எடுத்தோம். ஒரு பாதி ஆங்கிலம், மறு பாதி அரபு. ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஆங்கிலத்தைத் தட்டித் தடவி வாசித்து, "இந்த ஏரியாவுக்குத் தோதான சவுண்ட் சிஸ்டம் எடுக்கணுமாம்" என்றான். திருவிழாவுக்குக் கொண்டுவருகிற ஒலிபெருக்கிகளைத் தவிர வேறு சவுண்ட் சிஸ்டத்தை நாங்கள் கண்டதில்லை. அதற்கும் காசா என்று அம்மா தலையிலே கையை வைத்தார்.

பக்கத்து வீட்டு நானாவைக் கூப்பிட்டோம். அவருக்கு அரபு எழுத்து வாசிக்கத் தெரியும்; பொருள் தெரியாது. தங்கைக்கு அரபுப் பேச்சு ஓரளவு விளங்கும். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஓதும் கிதாபிலே உயிர்க்குறிகள் இருக்கும். கைநூலிலே அவை இல்லை. நானா ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். குசினி வாசலிலே நின்ற தங்கை காதைக் கொடுத்தாள்.

"மிஃப்தாஹ்..." என்றார் நானா.

"சாவி" என்றாள் தங்கை.

"டீவிக்குச் சாவியா, தங்கச்சி?"

"அந்த வீட்டுல சாவியத்தான் அப்படிச் சொல்லுவாங்க, நானா."

அட்டைப்பெட்டி, றெஜிபோம், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் கொட்டிச் சாவி தேடினோம். சாவி இல்லை. நானா மேலே வாசித்தார். "ஸவ்த்" என்று ஒரு சொல் வந்தது. "சத்தம்! சத்தம், நானா!" என்று தங்கை உள்ளே ஓடி வந்தாள். சத்தத்துக்கு ஒரு சாவி. அந்த வரிக்குப் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துத் தம்பி பெட்டியின் முதுகைத் திருப்பினான். நகத்தளவு கறுப்புச் சுவிட்ச் ஒன்று அங்கே இருந்தது. அரபியிலே சாவிக்கும் சுவிட்சுக்கும் ஒரே சொல்தான்.

படமும் ஒலியும் அப்போது தனித்தனி அலையிலே வந்தன. இரண்டுக்கும் இடைவெளி அன்று நம் நாட்டு முறையில் 5.5 மெகாஹேர்ட்ஸ், பிரித்தானியாவிலும் ஹொங்கொங்கிலும் 6 ஆக இருந்தது. பல நாட்டுக்கும் செய்த பெட்டி 6 இலே நின்றிருந்தது. தள்ளினான். தமிழ்ச் செய்தி வாசிப்பவரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் தன் நாற்காலியைத் தங்கைக்கு விட்டு, தான் பாயிலே உட்கார்ந்தார்.

எனக்கு இன்றும் ஆறாத கேள்வி இதுதான். வாங்கியது தமிழ்க் குடும்பம். பிறகு ஏன் இரண்டு அந்நிய மொழிகளுக்கு நடுவே ஒருத்தி கூனிக் குறுக வேண்டி வந்தது? தமிழுக்கு வலுவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்தவர். 1873 இலே திரும்பிப் போவதற்கு முன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழிலே ஆக்குவித்தார். மனித உடம்பின் எலும்பையும் நரம்பையும் சொல்ல முடிந்த மொழிக்கு ஒரு சுவிட்சைச் சொல்ல முடியாதா? முடியும். கேட்க நாம் வெட்கப்பட்டோம். விற்பவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, ஒரு மாதிரியாக. அண்மையிலே புதுப் பெட்டி ஒன்று வாங்கினோம். மின்சாரம் கொடுத்ததும் மொழிப் பட்டியல் காட்டியது. அதிலே தமிழும் இருந்தது. அம்மாவுக்குச் சந்தோசம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். "இயல்புநிலைக்குத் திரும்பு" என்றிருந்தது.

"ஏன் மகன், எங்கயும் ஊரடங்கா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. செய்தியிலே நாம் அந்தச் சொல்லைக் கேட்டதெல்லாம் அப்படியான நாட்களிலேதான். பெட்டிக்குத் தமிழ் எழுதியவர் அம்மாவை மனதிலே வைத்து எழுதவில்லை. முன்பிருந்தபடி ஆக்கு என்று எழுதியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும்.

இப்போது அந்தப் பெட்டிக்கு மேலே, சுவரிலே, அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அம்மா சொல்ல, தங்கையின் மகள் எழுதியது: "சிவப்பை ஒருக்கா அமத்தவும். படம் வரும்வரைக்கும் பொறுக்கவும். திருப்பித் திருப்பி அமத்த வேண்டாம். சத்தம் வராவிட்டால் சின்னம்மாவைக் கூப்பிடவும்."