வாழ்வை மாற்றுவது தேர்தலே!

(தலைப்பு: அடைக்கலம் தேடி வந்து குடியுரிமைக்குக் காத்திருப்பவர் வாழ்வைப் பெரிதும் மாற்றுவது நீதிமன்றமா? தேர்தலா? 'தேர்தலே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை)

அன்பும் பண்பும் நிறைந்த நடுவர் அவர்களே! நான் எப்போ தடுக்கி விழுவேன்னு குறிப்பு நோட்டோட காத்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ஆம்பூர்ப் பெருமக்களே! 

ஆம்பூர் மேடையில ஏறினா முதல்ல பிரியாணியைப் பத்திப் பேசணும்கிறது ஒரு சம்பிரதாயம். நான் பேசப் போறதில்லே. ஏன்னா, நடுவர் இன்னும் சாப்பிடலே. பேரைக் கேட்டாரோ, பாதியிலேயே மணி அடிச்சுட்டு எழுந்து போயிடுவார்! (சிரிப்பு)

(நடுவர்: நீ விஷயத்துக்கு வாம்மா. பிரியாணி எங்கேயும் ஓடிடாது!) (பலத்த சிரிப்பு)

வர்றேன் ஐயா. நான் இந்த ஊர்ல பள்ளிக்கூட ஆசிரியை. 2015-ல பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். "பதினெட்டு வயசு நிறைஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஓட்டு உண்டு"ன்னு கரும்பலகையில எழுதிப் போட்டேன். மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்து நின்னா. "எனக்குமோ டீச்சர்?"ன்னு கேட்டா.

அந்த "எனக்குமோ"விலேயே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நம்ம ஊர்ப் பொண்ணா இருந்தா "எனக்குமா"ன்னு கேட்டிருப்பா. அவ மின்னூர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமிலேருந்து வர்ற பொண்ணு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் 1990-ல சின்னப் பிள்ளைங்களா கடல் தாண்டி வந்தவங்க. இவ 2000-ல இந்த மண்ணுல பிறந்தவ. இலங்கையைப் படத்துலதான் பார்த்திருக்கா. நான் யோசிக்காம, "உனக்கும்தாம்மா, உட்காரு"ன்னு சொல்லிட்டேன்.

ஒன்பது வருஷம் கழிச்சு, 2024 ஏப்ரல் 19, பார்லிமெண்ட் தேர்தல். ஓட்டுப் போட்டுட்டு வெளியே வர்றேன், பஸ் ஸ்டாப்புல அவ நிக்கறா. இப்போ ஒரு ஷூ கம்பெனியில தையல் பிரிவுல வேலை. "என்னம்மா, இன்னிக்கு லீவா?"ன்னேன். என் விரலைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னா: "ஓம் டீச்சர். கம்பெனியில எல்லாருக்கும் லீவு. எனக்கு லீவு மட்டும்தான் டீச்சர், மை இல்லை."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே! அன்னிக்கு நான் சொன்ன தப்பான பதிலுக்கு இன்னிக்கு இந்த மேடையில நின்னு சரியான பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

எதிரணி வக்கீல் நண்பர் அருமையாப் பேசினார். திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்த ஒரு பெண்மணி 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்தவங்க. அவங்களுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கணும்னு 2022-ல உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிச்சு. அதே 2024 தேர்தல்ல அவங்க வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஓட்டும் போட்டாங்க. "பார்த்தீங்களா, மாத்தினது நீதிமன்றம்"னு சொல்லி உட்கார்ந்தார். நானும் கைதட்டினேன். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்கும் கண் கலங்கிச்சு.

ஆனா நண்பர் ஒரு கேள்வியைத் தாண்டிப் போயிட்டார். அந்த அம்மாவுக்குக் கிடைச்சது என் மாணவிக்கு ஏன் கிடைக்கலே?

1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. 1950 ஜனவரி 26-லேருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னால வரைக்கும் இந்தியாவுல பிறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும் நீ இந்தியக் குடிமகன். அதுக்கு அப்புறம் பிறந்திருந்தா, பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இன்னும் இறுக்கிட்டாங்க. ஒருத்தர் இந்தியரா இருந்தா மட்டும் போதாது, இன்னொருத்தர் அனுமதியில்லாம உள்ளே வந்தவரா இருக்கக் கூடாது.

அந்தப் பெண்மணி 1986. என் மாணவி 2000. ரெண்டு பேரும் முகாம்ல பிறந்தவங்கதான், ரெண்டு பேரும் பேசறது தமிழ்தான். நடுவுல ஒரு தேதி கோடு போட்டிருக்கு. நீதிமன்றம் என்ன செஞ்சது? கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவங்களை, "ஐயா, இவங்க ஏற்கெனவே உள்ளே இருக்காங்க, கண்ணைத் திறந்து பாருங்க"ன்னு காட்டிச்சு. நல்ல காரியம். ஆனா கோட்டை நகர்த்த நீதிமன்றத்தால முடியாது. கோடு போட்டது பார்லிமெண்ட். பார்லிமெண்டை அனுப்பறது யாரு? தேர்தல்! (கைதட்டல்)

நான் சொல்றது இருக்கட்டும், நீதிமன்றமே சொல்லியிருக்கு. 2019 ஜூன்ல இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் போட்ட வழக்கு. நீதிபதி அவங்க கஷ்டத்தை உருக்கமா எழுதினார். கடைசியில என்ன உத்தரவு? 'விண்ணப்பம் கொடுங்க. மத்திய அரசு 16 வாரத்துல முடிவெடுக்கட்டும்.' குடியுரிமை கொடுக்கிற அதிகாரம் அரசாங்கத்துகிட்டேதான் இருக்குன்னு சொல்லி, முடிவை டில்லிக்கே அனுப்பிட்டார்.

ஒரு தேர்தல் என்னென்ன செய்யும்? 1947-ல இலங்கையில பொதுத் தேர்தல். தேயிலைத் தோட்டத்துக்காக நம்ம தமிழ்நாட்டுலேருந்து கூட்டிக்கிட்டுப் போன ஜனங்க, அட்டைக்கடி பட்டு மலையைத் தோட்டமாக்கின ஜனங்க, அன்னிக்கு ஓட்டுப் போட்டாங்க. நுவரெலியாவுல தொண்டைமான் ஜெயிச்சார். அவங்க ஓட்டுக்கு ஒரு பலம் இருக்குன்னு தெரிஞ்சுது. அடுத்த வருஷமே, 1948-ல, குடியுரிமைச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான பேர் நாடற்றவர் ஆனாங்க. ஒரு தேர்தல்ல ஓட்டுப் போட்டவனுக்கு அடுத்த தேர்தல்ல வாக்காளர் பட்டியல்ல பேரே இல்லே!

அதோட விட்டதா? 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். ஆட்டுத்தோல் மண்டியில உருப்படி எண்ணிப் பிரிக்கிறாங்களே, அது மாதிரி மனுஷனைப் பிரிச்சாங்க. அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேட்க மாட்டாங்க. ஏன்? அவங்க கையில ஓட்டு இல்லே. ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சொல்லுவாங்க. ஓட்டில்லாதவன் சொல் வாசப்படிகூட ஏறாது! (கைதட்டல்)

அது பழைய கதைன்னு சொல்லுவாங்க எதிரணியில. நீங்க ஷூ ஏத்துமதி பண்ற ஜெர்மனிக்கு வாங்க. அங்கே வெளிநாட்டுக்காரர் குடியுரிமை வாங்க எட்டு வருஷம் காத்திருக்கணும். 2024 ஜூன்ல புதுச் சட்டம் வந்து, அது அஞ்சு வருஷம் ஆச்சு. மொழியும் வேலையும் ரொம்ப நல்லா இருந்தா மூணே வருஷம். 2025 பிப்ரவரியில தேர்தல், ஆட்சி மாறிச்சு. அக்டோபர்ல அந்த மூணு வருஷ வழியை மூடிட்டாங்க. அஞ்சு வருஷ வழி மட்டும் நிக்குது. ரெண்டே முக்கால் வருஷம் எண்ணிக்கிட்டே இருந்தவன் கதி என்ன? இன்னும் மூணு மாசம்னு இருந்தது, இன்னும் ரெண்டேகால் வருஷம்னு ஆயிடுச்சு. அவன் ஒரு தப்பும் பண்ணலே. தேர்தல் நடந்தது, அவ்வளவுதான்!

நம்ம நாட்டுக்கு வாங்க. 2019 டிசம்பர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டுப் பேர் இருந்தது. இலங்கை இல்லே. அதுக்கான விதிகள் 2024 மார்ச் 11-ல வந்தது. அஞ்சே நாள்ல, மார்ச் 16-ல, தேர்தல் தேதி அறிவிச்சாங்க. நான் இங்கே கட்சி பேச வரலே. அந்தச் சட்டம் சரியா தப்பாங்கறது வேற பட்டிமன்றம். மூணு பேரை எழுதின பேனா நாலாவது பேரை எழுதியிருக்கலாமா இல்லையா? அந்தப் பேனாவை யார் கையில கொடுக்கறதுன்னு முடிவு பண்றது எது? தேர்தல்தானே!

(நடுவர்: சரிம்மா, ஒரு சந்தேகம். முகாம்ல இருக்கிறவங்களுக்கு ஓட்டே கிடையாதுன்னு நீயே சொல்றே. ஓட்டே இல்லாதவன் வாழ்க்கையைத் தேர்தல் எப்படி நல்லபடியா மாத்தும்?)

நல்ல கேள்வி ஐயா. இதுக்குப் பதில் பக்கத்து வேலூர் மாவட்டத்துலேயே இருக்கு. 2021 மே மாசம் சட்டமன்றத் தேர்தல் முடிஞ்சது. ஆகஸ்ட்ல 'அகதிகள் முகாம்'ங்கற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. நவம்பர் 2-ஆம் தேதி மேல்மொணவூர்ல புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினாங்க. முகாம்ல ஒரு ஓட்டும் இல்லே. அப்புறம் எப்படி நடந்தது? வெளியே இருக்கிற நாம பேசினோம், எழுதினோம், கேட்டோம். அதனால நடந்தது. ஆனா வீட்டுக்குக் கதவு வைக்கத்தான் சென்னையால முடிஞ்சது. நாட்டுக்குக் கதவு திறக்கணும்னா டில்லி திறக்கணும்! (கைதட்டல்)

டில்லியும் 2025 செப்டம்பர்ல ஒரு ஜன்னலைத் திறந்தது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்மேல, பாஸ்போர்ட் விசா இல்லாததுக்காகத் தண்டனை கிடையாதுன்னு உத்தரவு. அந்தத் தேதியைக் கவனிச்சீங்களா? 2015 ஜனவரி 8-ல இலங்கையில ஜனாதிபதித் தேர்தல். 9-ஆம் தேதி புது ஜனாதிபதி பதவியேத்தார். நம்ம உத்தரவுல இருக்கிற தேதியிலகூட ஒரு தேர்தல் வாடை அடிக்குது பாருங்க! ஆனா தண்டனை இல்லேங்கறது வேற, குடியுரிமைங்கறது வேற. ஜன்னல் வழியா காத்து வரும், ஆள் வர முடியாது.

ஆம்பூர்ப் பெருமக்களே! 2019-ல நமக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? ஓட்டுப் போட ரெண்டு நாள் இருக்கும்போது வேலூர் தொகுதித் தேர்தலை ரத்து பண்ணிட்டாங்க. ஆகஸ்ட் 5-லதான் நடந்தது. மூணரை மாசம்! ஊரெல்லாம் ஓட்டுப் போட்டாச்சு, நமக்கு மட்டும் இல்லேன்னு டீக்கடைக்கு டீக்கடை பொருமினோமே! மூணரை மாசத்துக்கே நமக்கு அவ்வளவு மானம் போச்சுன்னா, நாப்பது வருஷமா அந்த ஜனங்களுக்கு எப்படி இருக்கும்? (நீண்ட கைதட்டல்)

கடைசியா ஒண்ணு. என் மாணவி தைக்கிற ஷூ ஜெர்மனி போகுது, இத்தாலி போகுது, இங்கிலாந்து போகுது. தோலுக்குப் பாஸ்போர்ட் கேட்கறவன் இல்லே. அதைத் தைச்ச கைக்குப் பாஸ்போர்ட் இல்லே. வெளியூர் போகணும்னா அனுமதி கேட்கணும். முகாம்ல செக்கிங் நாள்னா வந்து நிக்கணும்.

அடுத்த தேர்தல் வரும். வேட்பாளர் நம்ம தெருவுக்குக் கும்பிட்டுக்கிட்டே வருவார். எந்தக் கட்சியா வேணா இருக்கட்டும். தண்ணி கேளுங்க, பாலம் கேளுங்க. அதோட இன்னொண்ணும் கேளுங்க: "ஐயா, எங்க ஊர்ல பிறந்து, எங்க பள்ளிக்கூடத்துல படிச்சு, எங்க கம்பெனியில உழைக்கிற பொண்ணுக்கு நீங்க டில்லியில என்ன பேசுவீங்க?" அவளுக்கு ஓட்டு இல்லே. அவளுக்காகக் கேட்கிற ஓட்டு நம்ம கிட்டே இருக்கு.

நீதிமன்றம் இருக்கிற உரிமையைக் காட்டும். இல்லாத உரிமையை உண்டாக்கறது தேர்தல்தான். நடுவர் நல்ல தீர்ப்பே சொல்லுவார். அப்படிச் சொன்னா, நாளைக்கு அந்தப் பொண்ணை பஸ் ஸ்டாப்புல பார்க்கும்போது, "இத்தனை வருஷமா தப்பா இருந்த பதிலைத் திருத்த ஆரம்பிச்சிருக்கேம்மா"ன்னு தலை நிமிர்ந்து சொல்லுவேன்.

 

(நீண்ட கைதட்டல்)