இழப்பைச் சுமப்பவர் யார்?

(வர்த்தகர், கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கமக்காரர் கூடிய அவையிற் கடன் அட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. தோட்டத்து மிளகாயைத் தூளாக்கியும், பனங்கட்டியைப் பொதி செய்தும் இணையவழியாக வெளிநாட்டுக்கு விற்க முற்படும் இளைஞர் இன்று நம்மிடையே உளர். அவர்களுக்காகவே பேசுகின்றேன்.

இவ்வாறு கொள்வோம். இலண்டனிலிருந்து ஒருவர் 300 பவுணுக்குப் பொருள் கேட்கிறார். அட்டை இலக்கத்தைத் தருகிறார். வங்கி அனுமதிக்கிறது. பணம் வருகிறது, பொருள் போகிறது. இரண்டு மாதத்தின் பின், அட்டையின் உண்மையான உரிமையாளர், "இதனை நான் வாங்கவில்லை" என்கிறார். வாங்கியவன் கள்ளன்! உடனே விற்றவரிடமிருந்து அப்பணம் திரும்பப் பெறப்படுகிறது. இதனை வங்கியாளர் 'சார்ஜ்பாக்' என்பர். நாம் மீள் அறவீடு எனலாம். பொருளும் போயிற்று, பணமும் போயிற்று. அதற்குமேற் கட்டணமும் கட்ட வேண்டும்.

அட்டைதாரரைக் காப்பது தவறென்று நான் கூறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுள் எழுத்தில் ஆட்சேபிப்பவருக்கு, விசாரணை முடியும்வரை அத்தொகையைச் செலுத்தாதிருக்கும் உரிமையை அளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய பிரித்தானிய நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளில் விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால், கடன் கொடுத்தவரும் அவரோடு கூடப் பொறுப்பாளி என்றது. இவை வலியவரைப் பொறுப்பேற்க வைத்த நல்ல சட்டங்கள்.

ஆனால், சிறு வர்த்தகரின் கதி என்ன? அவர் தலைவிதியைப் பெரும்பாலும் எழுதுவன விசா, மாஸ்டர்காட் போன்ற நிறுவனங்களின் விதிகளும், அவர் வாசியாது கையெழுத்திட்ட ஒப்பந்தமுமேயாகும். கடையில் நிகழும் மோசடிக்கு ஒரு நியாயம் வைத்திருக்கின்றனர். 2015 ஒக்டோபர் 1 முதல் ஐக்கிய அமெரிக்காவில், போலி அட்டையால் வரும் இழப்பைச் சில்லு முறையை ஏற்காத தரப்பே சுமக்க வேண்டும் என்றாயிற்று. தடுக்கத் தவறியவர் சுமக்கட்டும் என்பது செம்மையான நீதி. இணையவழி விற்பனையிலோ, வங்கி அனுமதித்த பின்னரும் இழப்பு பொதுவாக விற்றவர் தலையிலேயே விழுகிறது. வாங்குபவர் முகத்தையே காணாதவர், அவர் கள்ளனல்லர் என்று பிணை நிற்பதா? இது நீதியா?

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. 'த்ரீ-டி செக்கியூர்' என்னும் முறையில், அட்டை வழங்கிய வங்கியே ஒருமுறைக் குறியீடு முதலியவற்றால் தன் வாடிக்கையாளரை உறுதிப்படுத்துகிறது. அவ்வாறு உறுதிப்படுத்திய பின் மோசடி வெளிப்பட்டால், இழப்பு பொதுவாக அவ்வங்கியையே சாரும். இவ்வசதியில்லாத ஒப்பந்தத்திற் கையொப்பமிடாதீர்கள்!

மற்றொரு தீமையும் உண்டு. பொருளைப் பெற்று உண்டபின், "எனக்கு வரவேயில்லை" என்று தம் வங்கியிடம் பொய்யுரைப்போர் உளர். இதற்கு 'நட்பு மோசடி' என்று பெயரிட்டிருக்கின்றனர். களவுக்கு நட்பென்று பெயரா? இங்கு உங்களைக் காப்பது சான்று ஒன்றே. பொருள் கையளித்த அத்தாட்சியையும் வாங்கியவரின் கடிதங்களையும் பேணுங்கள். அட்டைதாரரின் கணக்கறிக்கையில் உங்கள் கடைப்பெயர் தெளிவாகத் தோன்றச் செய்யுங்கள். உண்மையான குறையெனின், பிணக்கு வளருமுன் நீங்களே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் கள்ளனைத் தண்டிக்க வழி செய்கிறது. கள்ளன் அகப்படாவிடின்? தண்டனைச் சட்டம் ஏழையின் இழப்பை நிரப்புவதில்லை. ஆகவே நாம் கேட்பன மூன்று: விற்றவர் தம் பக்கத்தைக் கூறப் போதிய அவகாசமும் விளங்கும் மொழியில் அறிவித்தலும் வேண்டும், பிணக்கில் வென்றவரிடம் கட்டணம் அறவிடலாகாது, தடுக்கும் வல்லமை எவரிடமோ, அவரே இழப்பையும் சுமத்தல் வேண்டும்.

தனியொருவர் கேட்டால் வங்கி செவிசாயாது. கூட்டுறவுச் சங்கமாய்ச் சென்று, ஒப்பமிடுமுன் கேளுங்கள். ஒப்பமிட்டபின் அழுது பயனில்லை.