லண்டன் கான்ட்ராக்ட்: லிமிடெட் கம்பெனியா, அம்ப்ரெல்லாவா?

பிரிட்டன்ல கான்ட்ராக்டரா வேலை பாக்குற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வியை இன்னைக்கு எடுத்துக்குவோம்: சொந்தமா லிமிடெட் கம்பெனி தொடங்கணுமா, அம்ப்ரெல்லா கம்பெனி போதுமா?

பெரும்பாலும் இதை முடிவு பண்றது நீங்க இல்ல. ஐஆர்35 விதி 2000-லிருந்தே இருக்கு. 2021 ஏப்ரல் முதல் தனியார் துறையிலும், நீங்க நடைமுறையில ஊழியரா, தனித்தொழில் செய்பவரா என்பதை நடுத்தர, பெரிய நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. சின்ன நிறுவனம்னா அந்தப் பொறுப்பு உங்க கம்பெனிக்கு.

முக்கியமா பாக்குறது மூணு. உங்களுக்குப் பதிலா வேறொருத்தரை அனுப்ப முடியுமா? வேலையை எப்படிச் செய்யணும்னு யார் சொல்றாங்க? அவங்க வேலை கொடுத்துக்கிட்டே இருக்கணும், நீங்க செஞ்சுக்கிட்டே இருக்கணும்னு கட்டாயம் உண்டா? ஒப்பந்தத்துல ஒண்ணு, நடப்புல ஒண்ணுன்னா நடப்புதான் செல்லும்.

ஐஆர்35-க்கு வெளியேன்னா லிமிடெட் பெரும்பாலும் லாபம். 50,000 பவுண்டு வரையிலான லாபத்துக்கு 19 சதவீத கம்பெனி வரி. மிச்சத்தை டிவிடெண்டா எடுக்கலாம், அதுக்கும் வரி உண்டு.

உள்ளேன்னா அம்ப்ரெல்லா சுலபம். ஆனா ஏஜென்சி ஒரு நாளைக்கு 500 பவுண்டுன்னு சொன்னா, அது உங்க சம்பளம் இல்ல. முதலாளி பங்கான 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் அம்ப்ரெல்லாவோட கட்டணமும் அதிலிருந்தே போகும். அப்புறம்தான் உங்க வருமான வரி.

அதனால ரேட் பேசுறதுக்கு முன்னாடி, "உள்ளேயா, வெளியேயா?"ன்னு கேளுங்க. தீர்மானிக்கிற நிறுவனம் காரணத்தோட எழுத்துல தரணும்னு சட்டமே சொல்லுது. அதை வாங்காம கையெழுத்துப் போடாதீங்க.