கராஜுக்குள் ஒரு கொழும்புக் கோட்டை

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன கிழமை தொலைபேசியில் வந்து, "அண்ணை, இந்தமுறை நீங்கள் ஒரு பத்து நிமிசம் பேசவேணும். அரசியலும் வேண்டாம், சமயமும் வேண்டாம். உங்கட கராஜுக்குள்ள ஓடுற கோச்சியைப் பற்றிக் கதையுங்கோ, பிள்ளையளும் கேட்பினம்" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வயது போன மனிசன் விளையாட்டு றெயில் ஓட்டுகிறான் என்று இந்த நியூ ஜேர்சியில் என்னைப் பற்றி ஒரு பகிடி இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோச்சி எப்படி வந்தது என்பதைச் சொன்னால், ஒருவேளை நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள்.

என்னுடைய ஐயா இலங்கைப் புகையிரதத்தில் கார்ட் ஆக வேலை பார்த்தவர். 1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி முதன்முதலாக ஓடியபோது அவருக்கு வேலை கிடைத்து இரண்டு வருசம். பாருங்கள், அதுவும் ஒரு சித்திரை மாதம்தான். 2002இல் அவரை இங்கே எங்களிடம் கூப்பிட்டோம். அப்போது நாங்கள் எடிசனில், றெயில் பாதைக்குக் கிட்ட ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் இருந்தோம். ஐயா யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, போகிற வாற அம்ராக் வண்டிகளின் நேரத்தை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். கதை பேச்சு இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை யாரோ ஒருவரின் கராஜ் விற்பனையில் பத்து டொலருக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தேன். உள்ளே ஒரு இயந்திரம், நாலு பெட்டி, வட்டமான தண்டவாளம். குசினி மேசையில் பூட்டி ஓடவிட்டேன். ஐயா எழும்பி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆர் உதுக்குக் கொடி காட்டினது?" என்று கேட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் எங்களோடு விட்ட முதல் பகிடி அது. அன்றைக்குத் தொடங்கிய வேலை இது.

பிறகு ஒரு சின்ன வீடு எடுத்தோம். ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜ். அதன் சுவரோடு 12 அடி நீளம், 18 அங்குல அகலம், நிலத்தில் இருந்து 50 அங்குல உயரத்தில் ஒரு தட்டு அடித்தோம். ஒரு நுனியில் யாழ்ப்பாணம் நிலையம், நடுவில் கொக்குவில், மற்ற நுனியில் காங்கேசன்துறையும் சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கியும். இடையில் வருகிற நிலையங்களுக்கு இடம் இல்லை. சுன்னாகத்து ஆக்கள் என்னை மன்னிக்கவேணும்.

இது 160க்கு 1 என்ற அளவு. இலங்கைப் பாதை அகலப்பாதை, 1676 மில்லிமீற்றர். அதை 160ஆல் பிரித்தால் பத்தரை மில்லிமீற்றர் வரவேணும். கடையில் கிடைக்கிற தண்டவாளம் 9 மில்லிமீற்றர்தான். ஐயா முதல்நாளே கண்டுபிடித்துவிட்டார்: "தம்பி, பாதை ஒடுங்கிப்போச்சு." இயந்திரமும் கடையில் இல்லை. கனடா அரசு கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் தந்த டீசல் இயந்திரங்களில் முதலாவதான 569ஆம் இலக்கம், 'ஒன்ராறியோ' என்று பெயர். ஒரு அமெரிக்க இயந்திரத்தின் மேலோட்டை வெட்டி ஒட்டி, வர்ணம் பூசி அதைப்போல ஒன்று செய்தேன்.

இனித்தான் சங்கதி. வண்டி யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டால் எங்கே போகும்? தட்டு முடிந்துவிட்டது. இந்த நாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் 1935இலேயே தேசிய மட்டத்தில் சங்கம் வைத்தவர்கள். அவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'ஸ்டேஜிங் யார்ட்' என்பார்கள். பார்வைக்குத் தெரியாத ஒரு இடத்தில் நாலைந்து தண்டவாளம் போட்டு, வண்டிகளை அங்கே நிறுத்தி வைப்பது. நாங்கள் செய்து காட்டாத மிச்ச உலகம் முழுவதும் அந்த இடம்தான். எங்களுக்கு அது பளை, கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, பொல்காவலை எல்லாம் தாண்டிக் கொழும்புக் கோட்டை வரைக்கும் உள்ள சுமார் 400 கிலோமீற்றர். வீட்டில் அதன் பெயர் 'கோட்டை'.

ஆனால் கோட்டைக்கு இடம் எங்கே? பிளெமிங்டனில் 1996இல் திறந்த நோர்த்லாண்ட்ஸ் காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு கட்டடம் முழுக்க றெயில். எங்களிடம் இருந்தது தட்டு முடிகிற இடத்தில் வீட்டுக்குள் போகிற 36 அங்குல வாசல். அந்த வாசலுக்குக் குறுக்கே கோட்டையைக் கட்டி, தேவையில்லாத நேரம் மடித்துவிடுவது என்று தீர்மானித்தோம். மடித்து வைப்பது எங்களுக்குப் புதிதோ? வந்த புதிதில் பாயையும் மடிப்புக் கட்டிலையும் காலையில் மடித்து வைத்துவிட்டுத்தானே வேலைக்குப் போனோம்.

செய்ய விரும்புகிற தம்பிமாருக்காக முறையைச் சொல்கிறேன். 44 அங்குல நீளம், 10 அங்குல அகலத்தில் ஒரு ஒட்டுப்பலகை. தட்டின் நுனியில் பிணைச்சல் பூட்டி, கீழே தொங்கவிடவேணும். தட்டு 50 அங்குல உயரம் என்றபடியால் பலகை நிலத்தில் முட்டாது. பிணைச்சலை அடிப்பக்கத்தில்தான் பூட்டவேணும். அப்போதுதான் பலகை கீழே இறங்கும்போது தண்டவாள நுனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். மேல்நோக்கி மடிப்பதென்றால் பிணைச்சலின் அச்சு தண்டவாளத்துக்கும் மேலே இருக்கவேணும், இல்லாவிட்டால் நுனிகள் இடித்து வளைந்துவிடும். வாசலின் மற்றப் பக்கச் சுவரில் ஒரு சட்டம் அடித்து, பலகையின் நுனியை அதில் இருத்தி, தாழ்ப்பாள் போட்டால் ஆடாது.

பாதை பிரிகிற இடங்களைப் பலகையில் வைக்கக்கூடாது. அவற்றை யாழ்ப்பாணப் பக்கத் தட்டிலேயே வைத்துவிட்டு, நாலு நேர்த் தண்டவாளங்களை மட்டும் பலகைக்குக் கொண்டுபோகவேணும். அப்படிச் செய்தால் 44 அங்குலத்துக்குள் ஒரு இயந்திரமும் எட்டுப் பெட்டியும் நிற்கும், எங்களுடைய வண்டி 40 அங்குலம். தண்டவாளத்தை முதலில் வெட்டாமல் முழுசாகப் போட்டு, பொருத்தின் இரண்டு பக்கமும் பித்தளைத் திருகாணி இறக்கி, அதோடு தண்டவாளத்தை ஈயம் வைத்து ஒட்டிய பிறகுதான் மெல்லிய வாளால் அறுக்கவேணும். முதலே வெட்டிவிட்டுப் பொருத்தப் பார்த்தால் ஒருநாளும் நேராக வராது. இந்த ஊர்க் கோடைக்கும் பனிக்கும் பலகை ஊதும், சுருங்கும். ஒரு விசிட்டிங் கார்ட் போகிற இடைவெளி விடுங்கள். "ஊரிலயும் வெய்யிலுக்காக இடைவெளி விடுறதுதான்" என்று ஐயா சொல்லித்தான் அதை விட்டேன். மின்சாரத்தைப் பிணைச்சலை நம்பி விடாமல், வளையக்கூடிய வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டுக் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. இவவுக்குத்தான் கஷ்டம். கடைக்குப் போய்வந்து, "இஞ்ச பாருங்கோ, உங்கட கொழும்பைக் கொஞ்சம் மடியுங்கோ, அரிசி மூட்டை உள்ள போகவேணும்" என்று வாசலில் நின்று கூப்பிடுவா.

2009 மே மாதம். அந்த நாட்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்காவின் குடும்பம் வன்னிக்குள். மூன்று மாதமாக ஒரு செய்தியும் இல்லை. ஐயாவுக்கு நித்திரை வராது. இரவில் கராஜுக்குள் வந்து இருப்பார், நானும் கூட இருப்பேன். வண்டி ஓடும், நாங்கள் கதைக்கமாட்டோம். ஒருநாள் இரவு உள்ளே தொலைபேசி அடித்தது. வாசலுக்குக் குறுக்கே கோட்டை. நான் தாழ்ப்பாளை இழுத்துப் பலகையைத் தொப்பென்று விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். யாழ்தேவி அதில்தான் நின்றது. இயந்திரமும் எட்டுப் பெட்டியும் சீமெந்து நிலத்தில் விழுந்து சிதறியது எனக்குக் கேட்டது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவும் இரண்டு பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமுக்கு வந்துவிட்டார்கள் என்று செய்தி. அத்தானைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது ஐயா நிலத்தில் குந்தியிருந்து உடைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். வண்டி உடைந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "உது ஆக்கள் இல்லாத பெட்டிதானே, தம்பி. ஒட்டலாம்" என்றார்.

ஒட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். பலகையின் இரு பக்கமும் கண்ணாடி பிளாஸ்டிக்கில் இரண்டு அங்குல வரம்பு வைத்தேன். சட்டத்தில் ஒரு சின்ன சுவிச்சு வைத்தேன்: பலகை சரியாக வந்து இருந்தால்தான், பொருத்துக்கு முன்னால் உள்ள கடைசி ஓரடித் தண்டவாளத்துக்கு மின்சாரம் போகும். பலகை இறங்கியிருந்தால் வண்டி அந்த ஓரடிக்குள் வந்து தானாக நின்றுவிடும். மடிக்கும் முன் எல்லா வண்டியையும் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் அனுப்பிவிடவேணும் என்பது ஐயா போட்ட சட்டம்.

ஐயா 2012இல் காலமானார். 1990 ஜூனில் நின்றுபோன யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கியது. காங்கேசன்துறை வரைக்கும் 2015 சனவரி 2. இருபத்திநாலு வருசத்தில் அங்கே தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை, எல்லாம் பங்கருக்குப் போய்விட்டது. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்டது. ஐயா இரண்டு வருசத்தால் அதைத் தவறவிட்டார். அன்றைக்கு இரவு நான் கோட்டையைப் பூட்டி, ஒட்டுப்போட்ட யாழ்தேவியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தேன். ஐயாவின் பச்சைக் கொடியை மகள்தான் காட்டினாள்.

ஒரு விசயம் சொல்லி முடிக்கிறேன். கோட்டையில் நாலு தண்டவாளம். ஒன்றில் யாழ்தேவி, ஒன்றில் இரவுத் தபால் வண்டி, ஒன்றில் வெங்காயமும் புகையிலையும் சீமெந்தும் ஏற்றுகிற சாமான் வண்டி. நாலாவது வெறுமை. நான் பல தடவை கேட்டேன், இன்னொரு வண்டி வாங்குவோமோ என்று. ஐயா விடவில்லை. "எல்லாத் தண்டவாளமும் நிரம்பினால் வாற வண்டி வெளியில கைகாட்டியடியில நிக்கவேணும். ஒண்டு எப்பவும் வெறுமையா இருக்கவேணும்" என்றார். அது தொழில் தெரிந்த மனிசனின் கணக்கு, வேறு கருத்து வைத்து அவர் சொல்லவில்லை.

ஆனால் நான் இந்தச் சங்கத்தில் நிற்கும்போது அதைத்தான் நினைப்பேன். இங்கே இருக்கிற பலபேர் வந்த முதல் இரவு, வேறொரு குடும்பத்தின் விறாந்தையில் ஒரு பாயில் படுத்தவர்கள். யாரோ எங்களுக்காக ஒரு இடத்தை வெறுமையாக வைத்திருந்தார்கள். இப்போது எங்களுக்கு வீடு இருக்கிறது, இரண்டு கார் இருக்கிறது, கராஜ் நிரம்பிவிட்டது. இன்றைக்கும் எங்கேயோ இருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கத்தான் செய்கிறது, அது எந்த நாட்டுக் குடும்பமாக இருந்தாலும். ஒரு தண்டவாளத்தை அவர்களுக்காக விட்டு வையுங்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் கோட்டை பூட்டியிருக்கும். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தேத்தண்ணி இருக்கும். ஆனால் வாசலால் உள்ளே வரமுன் கூப்பிட்டுக் கேளுங்கள், யாழ்தேவி நிற்கும்.